கிந்தா ஆற்றின் கதை – 7: படகு நின்ற இடம்

கதை இதுவரை: லாருட் ஈய வயல்களில் நடந்த கூட்டச் சண்டைகளையும், 1874-இல் பங்கோரில் எழுதப்பட்ட உடன்படிக்கையையும், மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் கொல்லப்பட்டதையும் முந்தைய வாரங்களில் பார்த்தோம். 1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோவின் காலத்தில் ஈயக்காரர்களின் கண் லாருட்டை விட்டு கிந்தா பள்ளத்தாக்கின் மேல் விழுந்தது. 1880கள் முடிவதற்குள் கிந்தா லாருட்டை முந்திவிட்டது. அந்த ஈயமெல்லாம் எந்த வழியாக வெளியே போனது என்பதில் இந்த வாரம் தொடங்குகிறது.

* * *

ஈப்போவைப் பார்க்க வருகிறவர் பெரும்பாலும் ரயில் நிலையத்தில்தான் தொடங்குகிறார். ஆர்தர் பெனிசன் ஹபாக் வரைந்து 1917-இல் முடிந்த வெள்ளை மாளிகை அது. எதிரே நகர மண்டபம், முன்னால் ஊருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரம், சிறிது தூரம் நடந்தால் 1909-இல் எழுப்பிய பெர்ச் நினைவு மணிக்கூண்டு, அதைத் தாண்டினால் பழைய டவுனின் கடைவீடுகள், 2014-இல் எர்னெஸ்ட் சகாரெவிச் தீட்டிய சுவரோவியங்கள், வெள்ளைக் காப்பி. பாரம்பரிய நடைபாதை என்று கையில் தரப்படும் வரைபடங்களில் இந்த வரிசைதான் இருக்கிறது. இதை அப்படியே நடந்து முடிப்பவர் ஒரு முடிவோடு திரும்புவார்: ஈயம் இருந்தது, ரயில் வந்தது, ஊர் எழுந்தது. சில நூறு அடி தள்ளி, கரை கட்டி அடக்கப்பட்ட ஒரு கலங்கிய ஆறு ஓடுகிறது. அதைப் பாலத்தின் மேல் கார் போகும் நேரத்துக்குள் கடந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொடரின் வாதம் அதற்கு நேர்மாறானது. ஈப்போவை ஒரு கால்வாய் நகரமாகப் பார்த்தால்தான் அதன் சரித்திரம் விளங்கும். வெனிஸிலும் ஆலப்புழையிலும் படகு மிதப்பதால் அவற்றைக் கால்வாய் நகரம் என்கிறோம். ஈப்போவில் இன்று சரக்குப் படகு இல்லை. ஆனால் ஊர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது படகு. ஊரின் செல்வத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது வெட்டிவிட்ட வாய்க்கால் தண்ணீர். பிறகு அதே தண்ணீர் சுமந்துவந்த மணலுக்குப் பயந்துதான் ஆற்றைக் கரைகளுக்கு நடுவே அடைக்க வேண்டிவந்தது.

* * *

முதல் மறுப்பு உடனே வரும். ஈயம் இருந்ததால் ஊர் வந்தது, இதில் தண்ணீர் எங்கே வந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் ஈயம் ஈப்போவில் மட்டுமா இருந்தது? கோப்பெங்கில் இருந்தது, பாப்பானில் இருந்தது, லகாட்டிலும் மெங்லெம்புவிலும் இருந்தது. கோப்பெங் ஒரு காலத்தில் ஈப்போவைவிடப் பெரிய ஊர். ஈயம் மட்டுமே ஊரை வளர்க்கும் என்றால் கோப்பெங் இன்று மாநகரமாக இருந்திருக்க வேண்டும். வித்தியாசம் இதுதான்: கிந்தா ஆற்றில் சரக்குப் படகு ஏறிவரக்கூடிய கடைசி இடம் ஈப்போ. அதற்கு மேலே, தஞ்சோங் ரம்புத்தானை நோக்கிப் போகப் போக, மலையிலிருந்து இறங்கும் ஆறு வேகமும் கல்லுமாக மாறிவிடுகிறது. கீழ்நோக்கியோ படகு வழி வளைந்து வளைந்து பத்து காஜாவைக் கடந்து, பேராக் ஆற்றில் கலந்து, டுரியான் செபாத்தாங் என்ற பழைய துறையில் போய்ச் சேர்ந்தது. அதன் அருகே எழுந்ததுதான் தெலுக் அன்சன், இன்றைய தெலுக் இந்தான். அரிசியும் எண்ணெயும் கருவிகளும் ஆட்களும் அந்த வழியே மேலே வந்தார்கள். உருக்கிய ஈயக் கட்டிகள் அந்த வழியே கீழே போயின.

படகு நிற்கும் இடத்தில் சரக்கை இறக்கியாக வேண்டும். இறக்கியதை யானை மேலும் மாட்டுவண்டியிலும் மனிதத் தலையிலும் மாற்றி ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை வைத்திருக்கக் கிடங்கு வேண்டும், காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பட்டணம். ஆற்றங்கரையில் 1898-இல் டத்தோ பங்ளிமா கிந்தா முகமது யூசோப் தம் மனைவியின் நினைவாகக் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அது நிற்கும் இடமே பழைய ஊரின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதற்குச் சாட்சி.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பத்து காஜாவும் அதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் கிந்தா மாவட்ட அலுவலகங்களும் அங்கேதான் இருந்தன. ஆறும் அரசும் கையில் இருந்தும் அந்த ஊர் ஏன் ஈப்போ ஆகவில்லை? ஆறு ஓடினால் மட்டும் ஊர் பெருகிவிடாது என்பதை இந்த உதாரணம் காட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் வாதத்தைத் தள்ளிவிடவில்லை, கூர்மையாக்குகிறது. பத்து காஜா படகுகள் கடந்துபோகும் இடம். ஈப்போ அவை நின்றுவிடும் இடம். கடந்துபோகும் இடத்தில் அதிகாரி உட்காரலாம். நிற்கும் இடத்தில்தான் வியாபாரி உட்காருவான்.

* * *

இனி வெட்டிய வாய்க்கால்களுக்கு வருவோம். கிந்தாவின் ஈயம் பாறையைப் பிளந்து எடுத்த ஈயமன்று. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையில் கரைந்து உதிர்ந்து, ஈயமணல் பள்ளத்தாக்குக்கு அடித்துவரப்பட்டு, அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் படிந்தது. அதே மழைநீர்தான் சுண்ணாம்பைக் குடைந்து குகையாக்கியது. சாம் போ தோங்கும் பேராக் தோங்கும், தைப்பூசத்தில் காவடி போய்ச் சேரும் குனோங் செரோ கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலின் மலையும் அந்தச் சுண்ணாம்புதான். ஈயத்தைக் கொண்டுவந்து போட்டதும் தண்ணீர், சாமிக்கு வீடு கட்டிக் கொடுத்ததும் தண்ணீர்.

படிந்ததைத் திரும்ப எடுக்கவும் தண்ணீர்தான் வேண்டியிருந்தது. ஈயமணல் ஆற்று மணலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. சேற்றோடு கலந்து ஓடவிட்டால் மணல் அடித்துக்கொண்டு போகும், ஈயம் அடியில் தங்கும். லம்பத்து (ஈயச் சுரங்க) வேலையின் சூட்சுமமெல்லாம் இவ்வளவுதான். மலாய்க்காரர்கள் செய்த லம்பான் முறையில் மலைச்சரிவில் ஓடையைத் திருப்பிவிட்டு மண்ணைக் கரைத்தார்கள். சீனர்கள் குழி தோண்டினார்கள். குழி ஆழமானதும் ஊற்று பெருகி வேலையை நிறுத்தும். அதை இறைக்க அவர்கள் வைத்த பொறியை நின்று பார்க்க வேண்டும். சாய்வாகக் குழிக்குள் இறங்கும் ஒரு நீண்ட மரத்தொட்டி. அதற்குள் மரச்சங்கிலியில் கோத்த பலகைகள், ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். ஒவ்வொரு பலகையும் தன் முன்னால் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும், உச்சியில் கொட்டிவிட்டுத் திரும்ப இறங்கும். இந்தச் சங்கிலியைச் சுழற்றியது ஒரு நீர்ச்சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுழற்ற, தூரத்து ஓடையிலிருந்து மலைச்சரிவை ஒட்டி, மட்டம் பார்த்து, வழிந்துவிடாமலும் தேங்கிவிடாமலும் வெட்டிக் கொண்டுவந்த ஒரு வாய்க்கால். ஒரு தண்ணீரை வெளியேற்ற இன்னொரு தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் வற்றினால் குழி நிரம்பும், குழி நிரம்பினால் லம்பம் நிற்கும்.

பிறகு வந்த ஐரோப்பிய நிறுவனங்கள் இதையே பெரிதாக்கின. கோப்பெங்கில் மலையிலிருந்து இரும்புக் குழாய்களில் தண்ணீரை இறக்கி, குறுகிய வாய்வழி பீறிடவிட்டு, மண்சுவரையே சரித்தார்கள். சரளை பம்பு வந்தபின் சேற்றை உயரத் தூக்கி, பாலோங் எனப்படும் கால் நட்ட நீண்ட மரச்சரிவில் ஓடவிட்டார்கள். 1913 வாக்கில் பத்து காஜா அருகே ஈயக் கப்பல் வந்தது. தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்து முன்னேறும் இயந்திரம். தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்ப்பது 1938-இல் கட்டப்பட்ட அப்படியொரு கப்பலைத்தான். தரையில் நிற்கும் தொழிற்சாலை என்று நினைத்து ஏறுகிறவர்கள்கூட அதன் அடியில் மிதவை இருப்பதைக் கண்டு வியக்கிறார்கள். கால்வாய் நகரத்தில் படகே இல்லை என்பவர்கள் 4,500 டன் எடையுள்ள இந்தப் படகை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

* * *

1892 ஜூன்.

ஈப்போ எரிந்தது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருங்கி நின்ற ஊரில் பாதிக்கு மேல் சாம்பலானது. ஆற்றை ஒட்டி மனம்போனபடி முளைத்திருந்த சந்துகள் போயின. அரசு நேர்கோட்டுத் தெருக்களை வரைந்தது. கல்லும் ஓடும் கொண்ட கடைவீடுகள் அந்தக் கோடுகளில் எழுந்தன. இன்று பழைய டவுன் என்று படமெடுக்கப்படுவது இந்த இரண்டாம் ஈப்போ.

அடுத்த ஆண்டு, 1893-இல், தெலுக் அன்சனிலிருந்து தாப்பா ரோடு வரை தண்டவாளம் திறக்கப்பட்டது. 1890களின் நடுவில் அது ஈப்போவை எட்டியது. அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர் வழியாக வடக்கே போய், 1900-இல் முடிந்த விக்டோரியா பாலத்தின் மேல் பேராக் ஆற்றைக் கடந்தது. சில ஆண்டுகளுக்குள் படகோட்டிக்குச் சரக்கு இல்லாமல் போயிற்று.

ரயில்தான் ஈப்போவை ஆக்கியது என்பவர்களின் முழுக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்தத் தண்டவாளம் எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். அன்றைய தலைநகர் தைப்பிங்கிலிருந்து தொடங்கவில்லை. பினாங்கை நோக்கியும் தொடங்கவில்லை. ஆற்றுத் துறையான தெலுக் அன்சனில் தொடங்கி, படகு முடியும் ஈப்போவை நோக்கி வந்தது. அதாவது ஆறு ஏற்கெனவே போட்டுவைத்த வழியின் இரண்டு முனைகளையும் இரும்பால் இணைத்தார்கள். பொறியாளர்கள் புதிதாக ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு தேர்ந்தெடுத்துவிட்ட ஊருக்கு ரயில் வந்துசேர்ந்தது. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். 1885-இல் கட்டிய அந்தக் கோபுரம் வெறும் மணிக்கூண்டன்று, ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. துறைமுக ஊரின் மென்மையான மண் அந்தப் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. 1806-இல் எண்ணூர் வரை வெட்டிய காக்ரேன் கால்வாய் பின்னர் நீண்டது. 1877–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் அதனோடு இணைத்தார்கள். அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் சுமந்த அந்தக் கால்வாயை ரயிலும் லாரியும் ஓய்த்தன. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் படுகையிலேயே நட்டார்கள். கிந்தாவில் அவ்வளவு கொடுமை நடக்கவில்லை, ரயில் ஆற்றை விட்டு விலகியே ஓடியது. ஆனால் பிழைப்பைப் பறிகொடுத்த பின் இரண்டு நீர்வழிகளுக்கும் கிடைத்த உத்தியோகம் ஒன்றே: ஊருக்கு வேண்டாததைச் சுமந்துகொண்டு போவது.

* * *

சென்னையில் அது சாக்கடை. கிந்தாவில் அது மணல். பாலோங்கில் தங்காமல் ஓடிய ஒவ்வொரு வாளி மணலும் சேறும் ஏதோ ஓர் ஓடையில் சேர்ந்தது, ஓடைகளெல்லாம் கிந்தாவில் சேர்ந்தன. ஆற்றின் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் சாதாரண மழையும் வெள்ளமாகும். இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு சிலாங்கூரின் கோலக் குபு கண்முன் இருந்தது. லம்பத்து வண்டல் ஏறி ஏறி மூழ்கிய அந்த ஊரைக் கைவிட்டு, உயரமான இடத்தில் கோலக் குபு பாரு என்று புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1926-ஆம் ஆண்டின் இறுதியில் தீபகற்பத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பயம் அரசாங்கத்துக்கும் தொற்றியது. 1932-இல் வடிகால் பாசனத் துறை தனியாக ஏற்படுத்தப்பட்டது.

இங்கே நம்மவர்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும்: இந்தத் தண்ணீர்க் கதையில் தமிழன் எங்கே? மேடையில் கைதட்டல் வாங்க, ஈப்போவை வெட்டியதே நாம்தான் என்று சொல்லிவிடலாம். அது உண்மையாகாது. லம்பங்களில் குழி தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தமிழர்களின் கை வேறு இடங்களில் பதிந்திருக்கிறது. தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885-இல் திறக்கப்பட்ட நாட்டின் முதல் தண்டவாளத்தைப் போட இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப் பிரிவுகள் வந்தன. பின்னர் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கூலிகளில் பெரும்பகுதி தமிழர்களே. சாலை, மதகு, வடிகால், குழாய்வழி, இவற்றின் பராமரிப்பு அவர்கள் கையில் இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரத்தின் வேரில் தண்ணீர் நிற்காமல் கான் வெட்டியதும் அவர்களே. சுங்கை பாரி ஓரத்துப் புந்தோங் தமிழர் குடியிருப்பாக வளர்ந்ததற்கும் இந்த வேலைகளுக்கும் தொடர்பு உண்டு. ஈயம் எடுத்த வாய்க்காலைச் சீனன் வெட்டினான், அந்த ஈயத்தால் எழுந்த ஊர் மூழ்காமல் இருக்க வேண்டிய வாய்க்காலைத் தமிழன் வெட்டினான். முன்னதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது, பின்னதற்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

தஞ்சோங் ரம்புத்தானுக்கும் அதே கதிதான். 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் பெயரால், அந்த ஊரே நாடெங்கும் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. மலையை விட்டு இறங்கும் கிந்தா சமவெளியில் கால் வைக்கும் ஊர் அது என்பதோ, மேலே உலு கிந்தாவில் இன்று அணை கட்டி ஈப்போவுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள் என்பதோ கேலி செய்கிறவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. ஆற்றைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறவர் ஈப்போ நிலையத்தை விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்கலாம். கீழே வர வர அதன் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

* * *

ஆறு வேலையிழந்த கதை இத்துடன் முடிந்திருந்தால் ஈப்போ மேற்குக் கரையிலேயே நின்றிருக்கும். ரயில் நிலையம் அந்தக் கரையில், அரசு அலுவலகங்கள் அந்தக் கரையில், வங்கிகளும் அந்தக் கரையில். ஆற்றைத் தாண்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஈய முதலாளி யாவ் தெட் ஷின், படுகை உயர்ந்துகொண்டிருந்த அதே ஆற்றின் கிழக்குக் கரையில் நூற்றுக்கணக்கான கடைவீடுகளை எழுப்பினார். புதிய டவுன் என்று இன்றும் வழங்குவது அதுதான். இரண்டு கரையிலும் ஊர் வந்தபின் ஆற்றுக்கு நகர இடமில்லை. இனி அது பெருகினால் யாராவது ஒருவருடைய வீட்டுக்குள்தான் போக முடியும்.

கரை கட்டியாக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மணலை விட்டது லம்பங்கள். லம்பத்தை மூடினால் ஏற்றுமதி வரி போகும், பேராக் அரசின் கஜானாவோ அந்த ஈய வரியை நம்பியே இருந்தது. அப்படியானால் கிந்தாவை அடக்கிய செலவை யார் தலையில் கட்டினார்கள்: மணல் விட்ட முதலாளியின் தலையிலா, வரி வாங்கிய அரசின் தலையிலா, ஆற்றோரத் தாழ்நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களின் தலையிலா?

(அடுத்த வாரம்)